உறை பிரிக்காத ஜாய்ஸ்டிக்

மேல் டிவிஷன்,
மடுல்சீமை.
02.06.2002

அன்புள்ள அம்மா அறிய, மகள் தர்மிளா எழுதுவது.

உங்கள் கடிதமும் றஷீனா அக்காவிடம் கொடுத்தனுப்பிய பார்சலும் வெசாக் லீவில் கிடைத்தன. அப்பாதான் பசறைக்குப் போய் அந்த அக்கா வீட்டில் வாங்கி வந்தார். றஷீனா அக்கா குவைத்தில் உங்களை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்ப்பதாகவும், நீங்கள் கொஞ்சம் மெலிந்திருப்பதாகவும் சொன்னாராம். நீங்கள் எழுதுவதோ நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று. இரண்டில் எதை நம்புவது என்று அப்பா கேட்கிறார்.

போர்வை அப்பாவுக்கு என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தம்பி அன்றைக்கே போர்த்திக்கொண்டான். பெரிய போர்வை, நாங்கள் மூன்று பேரும் அதற்குள் புகுந்துகொள்ளலாம். “எனக்குக் கம்பளி இருக்கு, விடு” என்று அப்பா பழையதிலேயே படுக்கிறார். சோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கதவைத் திறந்தால் உள்ளே உங்கள் வாசம் வருகிறது என்று தம்பி சொல்கிறான். நீங்கள் இங்கே இருந்தபோது அந்தச் சோப்பே இல்லையே என்றேன். “இப்ப அம்மா வாசம் அதுதானே” என்கிறான்.

இங்கே மழை விடவில்லை. அடுப்பங்கரைப் பக்கம் தகரம் ஒழுகியது, அப்பா ஏறித் தார் பூசிவிட்டார். அவருக்கு இப்போது தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை. விடியப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது கத்தியைத் தீட்டுகிற சத்தத்தில்தான் நாங்கள் எழும்புகிறோம். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று செத்துவிட்டது. மற்றது வீட்டுக்குள்ளேயே திரிகிறது.

தம்பி கையைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கேட்டிருந்தீர்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். சொல்வதற்கு நல்ல செய்தி இருக்கிறது, அதனால்தான்.

இந்தத் தசை நோயில் கால் போன பிறகு கையும் மெல்ல மெல்லத் தளரும் என்று பெரியாஸ்பத்திரியில் நீங்கள் போவதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள் அல்லவா. “டிவி கேம் விளையாடுறானான்னு மட்டும் எழுது, விளையாடுனா கை நல்லா இருக்குன்னு நான் நெனச்சுக்குவேன்” என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். பங்குனியிலிருந்து அவன் விளையாடவே இல்லை. மெஷின் பழுது என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது எழுதலாம், ஏனென்றால் மறுபடி விளையாடுகிறான்.

நடந்தது இதுதான். நீங்கள் டிவி கேமைப் பார்த்ததில்லை. ஒரு மெஷின், அதற்கு இரண்டு ஆள் விளையாட இரண்டு ஓட்டை. அதில் வயரைச் சொருகி, கையில் பிடித்து அமுக்குகிற சின்னப் பெட்டியைத்தான் ஜாய்ஸ்டிக் என்கிறோம். இடது பக்கப் பட்டன் ஆளை நகர்த்த, வலது பக்கப் பட்டன் குதிக்க, சுட. அதில்தான் பழுது என்று நினைத்து நான் பசறையில் மர்ஸூக் நானா கடைக்குக் கொண்டுபோனேன். ரேடியோ திருத்துகிற கடை. அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, “ஏன் மகள், இது நல்லாத்தானே ஈக்குது?” என்றார். என்னவென்று சொல்வது? நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். “பேசுறத்துக்கு நான் காசு வாங்க மாட்டேன், தைரியமாப் பேசுங்க” என்று சிரித்தார். தம்பிக்கு அமுக்க முடியவில்லை என்று ஒருவழியாகச் சொன்னேன்.

அவர் மேசைக்கு அடியிலிருந்து ஓர் உரச் சாக்கை இழுத்தார். முன்பு அவர் கடையில் பெடியன்களுக்கு டிவி கேமை அரைமணி நேர வாடகைக்கு விட்டிருக்கிறார். மெஷின்கள் எல்லாம் போய்விட்டன, ஜாய்ஸ்டிக்குகள் மட்டும் வயர் சிக்கிக் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துத் துடைத்து, முனையை வெட்டி நம் மெஷினுக்குப் பொருந்துகிற முனையை ஒட்டிக் கொடுத்தார். அன்றைக்குப் பொழுதுபட முன்னமே தம்பி இரண்டு ஆட்டம் விளையாடிவிட்டான்.

புதியதில் பட்டனுக்கு அடியில் இருக்கிற ரப்பர் விறைப்பாம். பழையதை எத்தனையோ பிள்ளைகள் அமுக்கி அமுக்கி ரப்பர் தளர்ந்துவிட்டது. விரலை வைத்தாலே இறங்குகிறது. அதற்குப் பிறகு பசறைக்குப் போகும்போதெல்லாம் சாக்கைக் கிளறி ஒன்று கொண்டுவருகிறேன். “நல்லதத் தள்ளிப்போட்டுத் தேஞ்சதையே பொறுக்குற ஒரே யாவாரி நீங்கதான் மகள்” என்கிறார் மர்ஸூக் நானா.

தம்பி எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறான். அப்பா சுவரில் ஆணி அடித்துக் கொடுத்தார், வயரைச் சுருட்டி வரிசையாக மாட்டியிருக்கிறோம். வயரில் யாரோ கடித்த தடம் இருக்கிற ஒன்று ‘பல்லு’. பட்டன் சதுரமாக இருப்பது ‘பெரியவர்’, அதுதான் எல்லாவற்றிலும் பழையது, மர்ஸூக் நானா கல்யாணம் கட்டிய புதிதில் வந்ததாம். பட்டன் மிகவும் மெத்தென்று இருப்பது ‘வெண்ணெய்’. இன்னொன்றின் முதுகில் ஆணியால் ‘ஜஸீல்’ என்று கீறியிருக்கிறது. அது மர்ஸூக் நானாவின் மூத்த மகன், இப்போது கொழும்பில் இருக்கிறாராம். “அந்த அண்ணன் இம்புட்டு அமுக்குனதாலதான் எனக்கு லேசா இருக்கு. பாத்தா தேங்ஸ் சொல்லணும்” என்கிறான் தம்பி.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. சாக்கின் அடியில் உறைகூடப் பிரிக்காத ஜாய்ஸ்டிக் ஒன்று இருந்தது. உறைக்கு மேலே அமுக்கிப் பார்த்தேன், பட்டன் கல்லுப் போல, எனக்கே விரல் நோகிறது. அதைப் பற்றித் தம்பியிடம் சும்மா சொன்னேன். அதையும் வாங்கிவரச் சொல்லி அடம்பிடித்தான். வாங்கிக் கொடுத்தேன். சுவரில் மாட்டவும் விடவில்லை, ‘கல்லு’ என்று பெயர் வைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். உன்னால் அமுக்க முடியாததை எதற்கடா என்று கேட்டால், “இருக்கட்டும்” என்பதோடு சரி.

வழக்கம்போல இதை அப்பாவுக்கும் தம்பிக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவேன். “என்னைப் பத்தி என்ன எழுதுற, காட்டு” என்று இப்போதே தொந்தரவு. அவனுக்கு ஒரு வரி வேண்டுமாம், அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: அம்மா, ஆட்டுக்குட்டிக்கு நீங்களே பேர் வைங்க.

தையில் அக்ரிமெண்ட் முடிந்து வருவீர்கள் என்று நாங்கள் பேசிக்கொள்ளாத நாளில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகள்
தர்மிளா



மேல் டிவிஷன்,
மடுல்சீமை.
18.08.2002

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆடித் திருவிழா முடிந்து கை ஓய்ந்ததும் எழுதுகிறேன். தம்பியை அப்பா முதுகில் சுமந்து கோவிலுக்குக் கொண்டுபோனார். பூசாரி ஐயா தட்டை அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கே கொண்டுவந்தார். உங்கள் பெயருக்கும் அர்ச்சனை செய்தோம். குட்டிக்கு ‘குவைத்து’ என்று நீங்கள் வைத்த பெயரைக் கேட்டு லயத்தில் எல்லா வீட்டிலும் சிரிக்கிறார்கள். குவைத்து இப்போது அப்பாவின் பனியனைத் தின்றுவிட்டது.

இந்தக் கடிதத்தில் அப்பா சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுச் சுபாஸ் உங்களுக்குத் தெரியும். தம்பியோடு ஒன்றாகப் படித்தவன், வாய் நீளம். திருவிழா லீவில் தினமும் டாங்கி ஆட்டம் விளையாட வந்தான். எதிரியின் கோட்டையை யார் முதலில் உடைப்பது என்ற ஆட்டம். முதல் நாள் தம்பி தோற்றான். “ஒனக்கு இனி படம் பாக்குறதுதான்டா சரி” என்று சுபாஸ் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த நாள் தம்பி ஜெயித்தான். அதற்கு அடுத்த நாளும் ஜெயித்தான். வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அப்பா எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றச் சொன்னார், சீனி தீர்ந்துவிட்டது.

“நம்ம பய கை தேறிருச்சுன்னு எழுது. மாரியம்மா கண்ணத் தொறந்துட்டான்னு எழுது” என்று அப்பா சொல்கிறார். எழுதிவிட்டேன்.

தம்பி போர்வைக்குள் இருந்துகொண்டு சிரிக்கிறான். எப்படி ஜெயித்தான் என்று நீங்கள் வந்ததும் காட்டுவானாம். அதுவரை ரகசியமாம்.

சாக்கில் இனி மெத்தென்ற ஜாய்ஸ்டிக் அதிகம் இல்லை. பண்டாரவளையில் ஷுக்ரி என்று ஒருவர் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார், அவரிடம் கேட்டுப் பார்ப்பதாக மர்ஸூக் நானா சொல்லியிருக்கிறார். எதற்கு என்று அவர் இப்போது கேட்பதில்லை. தேய்ந்தது எது வந்தாலும் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள் அம்மா.

அன்பு மகள்
தர்மிளா



மர்ஸூக் நானா கடை,
பசறை.
10.11.2002

அன்புள்ள அம்மா,

மேலே இருக்கிற விலாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். வீட்டில் எழுதினால் வாசித்துக் காட்ட வேண்டும், அதனால் இங்கே வந்து எழுதுகிறேன். இது யாருக்கும் வாசித்துக் காட்டாத கடிதம். மர்ஸூக் நானா தன் ஸ்டூலைத் தந்துவிட்டு நின்றபடியே ரேடியோ திருத்துகிறார். இடம் தருவீர்களா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. கையில் பேப்பரைப் பார்த்ததும் அவரே எழும்பிவிட்டார்.

முதலில் நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். பிறகு தைரியம் போய்விடும். இன்னும் இரண்டு வருடத்துக்கு என்று நீங்கள் எழுதியிருந்த அந்த அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் நீங்கள் வேலை செய்கிற வீட்டு மேடத்திடம் கெஞ்சிக் கேளுங்கள். தையில் வந்துவிடுங்கள்.

உங்கள் போன கடிதம் வந்த அன்று நான்தான் வழக்கம்போல எல்லாருக்கும் வாசித்தேன். “புள்ள கை தேறிருச்சுன்னு கேட்டதும் எனக்குப் புது உசிரு வந்த மாதிரி இருக்கு. அப்ப இன்னும் ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா அவன இந்தியாவுக்குக் கொண்டுபோயி காட்டலாம். மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன்” என்ற இடம் வந்தது. கண் அந்த வரிக்கு முன்னாலேயே போய்விட்டது அம்மா. தாண்டிப் போகலாம் என்று பார்த்தேன். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் நான் தயங்கினால் தெரிந்துவிடும். வாசித்தேன்.  தம்பி சுவரில் இருந்து ‘பெரியவரை’ எடுத்துத் தரச் சொன்னான், மடியில் வைத்துக்கொண்டான், விளையாடவில்லை.

ஆடியில் அவன் ஜெயித்தது உண்மை. ஆனால் கை தேறவில்லை. அந்த மழையில் குளிர்கிறது என்று சொல்லி நாங்கள் இரண்டு பேரும் நீங்கள் அனுப்பிய போர்வைக்குள் உட்கார்ந்திருந்தோம். ஜாய்ஸ்டிக் போர்வைக்கு அடியில் இருந்தது. இடது பக்கப் பட்டனை நான் அமுக்கினேன், வலது பக்கத்தை அவன் அமுக்கினான். அவன் தோளால் என்னை இடிப்பான். ஒரு இடி என்றால் மேலே, இரண்டு என்றால் திரும்பு. எங்கே போக வேண்டும், எப்போது சுட வேண்டும் என்பதெல்லாம் அவன் மூளைதான். நான் அவனுக்கு ஒரு கை, அவ்வளவுதான். முதல் நாள் தோற்ற பிறகு அவன்தான் இந்த யோசனையைச் சொன்னான். அவன் அப்படிச் சிரித்து நான் எவ்வளவோ நாளாகப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அப்பாவுக்கும் தெரியாது. அவர் திரையைத்தான் பார்த்தார், எங்கள் மடியைப் பார்க்கவில்லை. அவர் எழுதச் சொன்னதைத் தம்பிக்கு முன்னால் மறுத்து எழுத எனக்கு வாய் வரவில்லை. நான் எங்கேதான் வாய் திறந்து பேசினேன்.

ஜாய்ஸ்டிக்குகளை நான் மாற்றி மாற்றிக் கொடுத்த வரிசையை நினைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். முதலில் ‘பல்லு’ போதுமாக இருந்தது. பிறகு அது இறங்கவில்லை, ‘ஜஸீலை’க் கொடுத்தேன். பிறகு ‘வெண்ணெய்’. அதன் பிறகு ஷுக்ரி கடையில் இருந்து வந்த ஒன்று, அதில் ஒரு தடவை விரலை வைத்தால் தானாகவே தொடர்ந்து சுடும். இப்போது அதிலும் விரலை எடுத்து வைக்க நான் உதவ வேண்டும். அவன் விளையாடுகிறான் என்று நான் எழுதியதெல்லாம் சரிதான். ஆனால் அவன் விளையாடுவதை வைத்து அவன் கையை அளக்காதீர்கள் அம்மா. தளர்ந்து போனது ரப்பர் மட்டும் இல்லை.

போன மாதம் தம்பியை அப்பாவும் நானும் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். புது டொக்டர், யாழ்ப்பாணத்து ஆள், வயது அதிகம் இல்லை. தன் இரண்டு விரலை நீட்டி, “என்ர விரலை இறுக்கிப் பிடியும் பாப்பம்” என்றார். தம்பி பிடித்தான். “பிடிச்சிட்டீரோ?” என்று அவர் கேட்டார். தம்பி பிடித்துக்கொண்டுதான் இருந்தான். வீட்டில் என்ன செய்வீர் என்று கேட்டதும் தம்பி ஜாய்ஸ்டிக் கதை எல்லாம் சொன்னான், பெயர்கள் உட்பட. டொக்டர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னிடமும் சின்ன வயதில் ஒன்று இருந்ததாம், யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் அது சும்மா கிடந்ததாம். “விளையாடும், நல்லா விளையாடும்” என்று தலையைத் தடவினார்.

பிறகு எங்களை மட்டும் வெளியே கூப்பிட்டார். கைக்குப் பிறகு மூச்சு விடுகிற தசைக்கும் அது போகும் என்றார். ராத்திரியில் களைக்கிறதா, இருமலைத் துப்ப முடிகிறதா என்று கேட்டார். இந்த மழையில் இருமல் வந்தால் அவன் படும் பாட்டைச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. எவ்வளவு காலம் என்று அப்பா கேட்டார். “அதைச் சொல்ல ஏலாது ஐயா. தாய் எங்க?” என்றார். குவைத்தில் என்றேன். “கெதியா வரச் சொல்லுங்கோ. பிள்ளை கதைச்சுச் சிரிக்கேக்க வரச் சொல்லுங்கோ” என்றார். இந்தியாவில் இதற்கு மருந்து இருக்கிறதா என்றும் நான் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். நீங்கள் எதற்காக இரண்டு வருடம் இருக்கப் போகிறீர்களோ, அது அங்கேயும் இல்லை அம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என்னிடம் இதை எழுதக் கூடாது என்றார். “அந்த மனுசி அங்க ஒத்தையில கெடக்குறா. இதக் கேட்டு ராவு பகலா அழுதா யாரு அவளுக்குத் தண்ணி குடுப்பா? அந்த வீட்டுக்காரங்க விடலன்னா என்ன செய்வா?” என்றார். அவர் மேல் கோபப்படாதீர்கள். அதைச் சொல்லும்போது தம்பியை மடியில் வைத்திருந்தார். தூங்கிவிட்டான் என்று நினைத்துத்தான் சொன்னார். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் தம்பியின் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டே வந்தார். நானும் அவர் சொல்லைக் கேட்டு இருந்துவிட்டேன்.

தீபாவளிக்குச் சுபாஸ் பலகாரத்தோடு வந்தான். விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது ஏதோ சந்தேகம் வந்து போர்வையை இழுத்துவிட்டான். “அடப்பாவி! ராசாவுக்குச் சோறு ஊட்டுறதும் அக்கா, வெளையாடுறதும் அக்காவா?” என்று கத்தினான். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. தம்பி அசரவில்லை. “ரெண்டு அரைக் கைகிட்ட தோத்த முழு ஆளுடா நீ. ஊர்ல போய்ச் சொல்லு, பாப்போம்” என்றான். சுபாஸ் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் தம்பியின் விரல்களைப் பார்த்துவிட்டான். ஜாய்ஸ்டிக் மேல் அவை கிடந்த மாதிரியைப் பார்த்துவிட்டான். முறுக்குத் தட்டை வைத்துவிட்டுப் போனவன் பிறகு வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அப்பா கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வெளியே போய்ப் பீலித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

நேற்று நான் தம்பியைத் துடைத்துவிடும்போது அவன் சொன்னான்: “அக்கா, பஸ்ஸுல நான் தூங்கல.” நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். “நீ ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்கா மாத்துனதும் எனக்குத் தெரியும். தொட்டாலே தெரியாதா? கடையில போயி எழுதிரு. எனக்கு வாசிச்சுக் காட்ட வேணாம். ஆனா நான் அழுதேன்னு எழுதாத, நான் அழல” என்றான். உண்மைதான், அவன் அழவில்லை.

காலையில் அப்பா பெரட்டுக்குப் புறப்படும்போது பஸ் காசை மேசையில் வைத்து, “பசறைக்குப் போயி சோப்பு வாங்கிட்டு வா” என்றார். நீங்கள் அனுப்பிய சோப்பே அலமாரியில் முடியாமல் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும்.

‘கல்லு’ எதற்கு என்று இப்போது எனக்குத் தெரியும். நேற்றுத்தான் சொன்னான். அது உங்களுக்காம். “தேஞ்சதெல்லாம் எனக்கு. அம்மா கை கொழுந்து எடுத்த கை, அதுக்கு இதுதான் சரி. அம்மா வந்துதான் உறையப் பிரிக்கணும்” என்றான். வாங்கிய நாளிலிருந்து அதற்குத்தான் வைத்திருக்கிறான். நான் பெருக்கும்போது நகர்த்தினால்கூடச் சத்தம் போடுவான்.

நானும் அவனும் ஒரே ஜாய்ஸ்டிக்கில் விளையாடுகிறோம். மெஷினில் மற்ற ஓட்டை சும்மா கிடக்கிறது. சுபாஸும் வருவதில்லை. உங்களுக்கு விளையாடத் தெரியாது என்று நான் சொன்னேன். “அப்ப முதல்ல கொஞ்ச நாளைக்கு அம்மா தோக்கட்டும். நான் சொல்லிக் குடுக்குறேன்” என்கிறான்.

பதிலை இந்தக் கடை விலாசத்துக்குப் போடுங்கள். மர்ஸூக் நானாவிடம் கேட்டேன், வாய் திறந்தே கேட்டேன். “போடச் சொல்லுங்க மகள், வந்ததும் பஸ்காரன்கிட்ட செல்லி அனுப்புறேன்” என்றார். பதில் எழுத நேரமில்லை என்றாலும் பரவாயில்லை. பதிலுக்குப் பதிலாக நீங்களே வந்தால் போதும்.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் அம்மா. பார்சல் வேண்டாம், துணி வேண்டாம். மாரியம்மா உங்களை வழியில் காத்து எங்கள் வாசலில் கொண்டுவந்து விடட்டும். தம்பி உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதுக்கும், நீங்கள் அவனிடம் நிறையத் தோற்கிறதுக்கும் நாள் வேண்டும். ஒரு நாளாவது நீங்கள் ஜெயிக்க வேண்டும், அதை அவன் பார்க்க வேண்டும்.

வந்துவிடுங்கள்.

உங்கள் மகள்
தர்மிளா